எச்எல்ஏ லேபிலிருந்து ஆராய்ச்சிக்கு: உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியலில் நுழைய ஒரு வழிகாட்டி

மருத்துவமனை லேபில் சில வருடம் எச்எல்ஏ டைப்பிங் (உடல் தன் திசுவை அடையாளம் காணும் எச்எல்ஏ மூலக்கூறுகளை வகைபிரிப்பது), க்ராஸ்மேட்ச் (நோயாளியின் சீரத்தைக் கொடையாளியின் செல்களோடு சேர்த்துப் பார்ப்பது), ஆன்டிபாடி ஸ்கிரீனிங் என்று வேலை பார்த்தவர்களில் பலருக்கு ஒரு கட்டத்தில் ஆராய்ச்சிப் பக்கம் மனசு போகும். உடனே விசாரிக்கத் தொடங்குவது நெட் தேர்வைப் பற்றித்தான். அடுத்து எந்தப் பல்கலைக்கழகம், அப்புறம் யார் கைடு, கடைசியாகத் தலைப்பு. இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்கிறேன். முதலில் ஒரு கேள்வி. பிறகு அந்தக் கேள்விக்குத் தேவையான மாதிரிகளும் ஆட்களும் இருக்கிற இடம். அதற்கப்புறம் தேர்வும் பட்டமும்.

மற்ற துறைகளுக்கு எப்படியோ, உறுப்பு மாற்று நோயெதிர்ப்பியலுக்கு இது நன்றாகப் பொருந்தும். இந்தத் துறையே ரத்த வங்கியிலும் லேப் மேசையிலும் பிறந்ததுதான். பாரிஸில் ழான் தோசே, பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களின் சீரம் மற்றவர்களுடைய வெள்ளையணுக்களைத் திரளச் செய்வதைக் கவனித்தார். அதைத் தொடர்ந்து போய் 1958இல் அவர் விவரித்த ஆன்டிஜென்தான் பிற்பாடு எச்எல்ஏ-ஏ2 என்று பெயர் பெற்றது. 1980இல் நோபல் பரிசும் வந்தது. அதே 1958இல், லெய்டன் மருத்துவமனையின் ரத்த வங்கியைக் கவனித்துவந்த யோன் வான் ரூட், பிள்ளை பெற்ற பெண்களின் ரத்தத்தில் வெள்ளையணுக்களுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருப்பதைக் காட்டினார். 1967இல், நாடுகளிடையே உறுப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் யூரோட்ரான்ஸ்பிளான்ட் அமைப்பைத் தொடங்கியவரும் அவரே. 1964இல் பால் டெரசாகி, ஒரு மைக்ரோலிட்டர் சீரத்திலேயே சோதனையை முடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆன்டிபாடி செல்லைக் கொல்கிறதா என்று பார்க்கும் சிடிசி க்ராஸ்மேட்ச் செய்கிறவர்கள் இன்றும் கையில் எடுக்கிற தட்டு அவர் பெயரில்தான் இருக்கிறது. 1969இல் பட்டேலும் டெரசாகியும் 225 சிறுநீரக மாற்றுகளின் கணக்கை வெளியிட்டார்கள். க்ராஸ்மேட்ச் பாசிட்டிவாக இருந்த 30இல் 24 சிறுநீரகங்கள் உடனே செயலிழந்தன; நெகட்டிவாக இருந்த 195இல் அப்படி ஆனவை 8 மட்டும்.

ரத்தம் ஏற்றியபின் வரும் ஒவ்வாமை, பிரசவமான பெண்ணின் சீரம், பாசிட்டிவ் என்று வந்த ஒரு சோதனை. ரிப்போர்ட்டில் எழுதிவிட்டு மறந்துவிடக்கூடிய விஷயங்கள் இவை. உங்கள் லேபிலும் தினமும் வந்துகொண்டுதான் இருக்கும்.

துறை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

வரலாற்றை நான்கைந்து வரியில் மனதில் வைத்துக்கொண்டால் போதும். தோல் ஒட்டு ஏன் உதிர்கிறது என்று இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் தீக்காய நோயாளிகளை வைத்து ஆராயத் தொடங்கிய பீட்டர் மெடவார், 1953இல் பில்லிங்ஹாம், பிரென்ட் ஆகியோருடன் சேர்ந்து, அந்நியத் திசுவை ஏற்றுக்கொள்ளும்படி எலியின் நோயெதிர்ப்பைக் கருவிலேயே பழக்க முடியும் என்று காட்டினார். 1954 டிசம்பரில் பாஸ்டனில் ஜோசப் மர்ரே ஒரே கரு இரட்டையரிடையே சிறுநீரக மாற்றை வெற்றிகரமாகச் செய்தார். 1983இல் அமெரிக்காவில், நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் டாக்ரோலிமஸ் வந்தது. முதல் வருட நிராகரிப்பு பெருமளவு கட்டுக்குள் வந்துவிட்டது.

கட்டுக்குள் வராதவைதான் இன்றைய ஆராய்ச்சி. ஐந்து, பத்து வருடம் கழித்து ஆன்டிபாடியால் மெதுவாகக் கெட்டுப்போகும் சிறுநீரகம். ஏற்கெனவே ஆன்டிபாடி நிறைந்திருப்பதால் யாருடைய உறுப்பும் பொருந்தாமல் காத்திருக்கும் நோயாளி. வாழ்நாள் முழுதும் மருந்து எடுப்பதால் வரும் தொற்றும் புற்றுநோயும். எலும்பு மஜ்ஜை மாற்றில் கொடையாளியின் செல்கள் நோயாளியின் உடலைத் தாக்கும் ஜிவிஎச்டி. இவற்றைச் சுற்றித்தான் ஆய்வுக்குழுக்கள் பிரிந்து நிற்கின்றன.

உங்கள் பின்னணிக்கு எது பக்கம் என்று பாருங்கள். எச்எல்ஏ லேபிலிருந்து வருகிறவர்களுக்கு எச்எல்ஏ மரபியலும் ஆன்டிபாடி ஆய்வும் அடுத்த அறை மாதிரிதான். எப்லெட் கணக்கு, எபிடோப் பொருத்தம் (ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும் சிறு பகுதிகளை வைத்துப் பொருத்தம் பார்ப்பது), நெக்ஸ்ட் ஜெனரேஷன் சீக்வென்சிங் எல்லாம் இங்கே வரும். மாலிக்யூலர் லேபில் இருப்பவர்களுக்கு உயிர்க்குறி ஆய்வு பொருந்தும். உதாரணமாக, நோயாளியின் ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் கொடையாளியுடையது எவ்வளவு என்று அளந்து, உறுப்புக்குள் சேதம் நடக்கிறதா என்று ஊகிப்பது. ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களை லேசர் ஒளியில் எண்ணி வகைபிரிக்கும் முறை) நன்றாகத் தெரிந்தவர்கள் டி செல், பி செல் ஆய்வுக்குப் போகலாம். நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக சகாகுச்சி, ப்ரங்கோ, ராம்ஸ்டெல் மூவருக்கும் 2025இல் நோபல் பரிசு கிடைத்தபின் அந்தப் பக்கம் கூட்டம் அதிகமாகியிருக்கிறது. ஆனால் அங்கே செல் வளர்ப்பில் கை பழகியிருக்க வேண்டும். லேபில் ரிப்போர்ட் போட்ட அனுபவம் மட்டும் போதாது. பன்றி உறுப்பை மனிதருக்கு வைக்கும் ஆய்வு செய்திகளில் நிறைய வருகிறது, 2022இல் மேரிலாண்டில் இதயம், 2024இல் பாஸ்டனில் சிறுநீரகம் என்று. அந்த வேலை பெரும்பாலும் சில அமெரிக்க மையங்களைச் சுற்றியே நடக்கிறது. முதல் இலக்காக அதை வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன்.

உங்கள் மேசையில் கிடக்கும் கேள்விகள்

இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிக் குதிக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நோயாளியின் பெயரோ ஐடி எண்ணோ அதில் வரவே கூடாது. இரண்டு சோதனைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்ட நாட்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். லூமினெக்ஸ் சிங்கிள் ஆன்டிஜென் மணிகளில் (ஒவ்வொன்றிலும் ஒரே எச்எல்ஏ ஒட்டிய நுண்மணிகள்) எம்எஃப்ஐ, அதாவது ஆன்டிபாடி ஒட்டியதைக் காட்டும் ஒளிர்வு எண், எட்டாயிரம் காட்டுகிறது, ஃப்ளோ க்ராஸ்மேட்ச் நெகட்டிவ். ஏன்? மணியின் மேல் ஒட்டிய எச்எல்ஏ மூலக்கூறு உருக்குலைந்து, செல்லின் மேல் வெளித்தெரியாத பகுதி மணியில் வெளியே தெரிகிறதா? கொடையாளியின் செல்லில் அந்த ஆன்டிஜென் குறைவாக இருக்கிறதா? எதிர்ப்பக்கமும் உண்டு. ஆன்டிபாடி மிக அதிகமாக இருக்கும் சீரம், நீர்க்காத நிலையில் குறைந்த எம்எஃப்ஐ காட்டி ஏமாற்றும். நீர்த்தாலோ ஈடிடிஏ சேர்த்தாலோதான் உண்மை தெரியும். பி செல்களில் ஒட்டி அவற்றை அழிக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து எடுத்த நோயாளிக்கு பி செல் க்ராஸ்மேட்ச் பாசிட்டிவ் வந்தால் அது மருந்தா, ஆன்டிபாடியா? ஐஜிஎம் வகை ஆன்டிபாடியை உடைக்கும் டிடிடி சேர்த்தபின் மறைந்துபோகும் பாசிட்டிவை, ஐஜிஎம் என்று எழுதி ஒதுக்கிவிடலாமா?

இதெல்லாம் உலகம் முழுவதுக்கும் பொது. நம் ஊர் லேபுகளுக்கே உரிய கேள்விகளும் இருக்கின்றன. அவற்றுக்குத்தான் மதிப்பு அதிகம் என்பது என் எண்ணம். இந்தியாவில் 2023இல் நடந்த உறுப்பு மாற்றுகள் 18,000ஐத் தாண்டின. தமிழ்நாட்டில் 2008இலிருந்து மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்கொடைத் திட்டம் நடந்துவந்தாலும், நாடு முழுக்கப் பார்த்தால் உயிரோடு இருக்கும் உறவினரே பெரும்பாலும் கொடையாளி. அதிலும் கொடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். கணவர் மனைவிக்குக் கொடுக்க முன்வரும்போது ஒரு சிக்கல் வரும். அவருடைய பிள்ளைகளைச் சுமந்த காலத்திலேயே அவருடைய எச்எல்ஏவுக்கு எதிராக அந்தப் பெண்ணின் உடல் ஆன்டிபாடி உண்டாக்கியிருக்கலாம்; நினைவு பி செல்கள் தூங்கிக்கொண்டிருக்கலாம். இன்றைய சீரத்தில் ஒன்றும் தெரியாவிட்டாலும் மாற்றுக்குப்பின் அவை விழித்துக்கொள்ளுமா? இப்படிப்பட்ட ஜோடிகள் அடிக்கடி வந்துபோகும் லேபில் உட்கார்ந்திருப்பவர் கையில் நல்ல ஆய்வுக்கான விதை ஏற்கெனவே இருக்கிறது.

இன்னொன்று அல்லீல்கள், அதாவது ஒரே எச்எல்ஏ மரபணுவின் வெவ்வேறு வடிவங்கள். லண்டன் ஆன்டனி நோலன் நிறுவனம் பராமரிக்கும் ஐஎம்ஜிடி/எச்எல்ஏ தரவுத்தளத்தில் 40,000க்கும் மேற்பட்ட அல்லீல்கள் பதிவாகியிருக்கின்றன. ஆனால் மணிகளின் பெட்டியில் நூறு சொச்சம்தான் இருக்கும், அதுவும் பெரும்பாலும் மற்ற மக்கள்தொகைகளை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தவை. நம் நோயாளியின் கொடையாளிக்கு இருக்கும் அல்லீல் பெட்டியில் இல்லாதபோது உங்கள் லேப் என்ன செய்கிறது? பக்கத்து அல்லீலை வைத்து ஊகிக்கிறதா? அந்த ஊகம் எத்தனை முறை சரியாக இருந்தது? இதைக் கணக்கெடுக்கப் புதிய கருவி எதுவும் வேண்டாம்.

மாற்றுக்குப்பின் புதிதாக முளைக்கும் ஆன்டிபாடிகளில் டிகியூ என்ற எச்எல்ஏ வகைக்கு எதிரானவையே அதிகம் என்பது பல நாடுகளில் தெரிந்த விஷயம். நம்மிடம் காசநோய் இருக்கிறது, பெரியவர்களில் பெரும்பாலோருக்கு சைட்டோமெகலோ வைரஸ் ஏற்கெனவே வந்துபோயிருக்கிறது, மாத்திரையை நடுவில் நிறுத்துவதற்குப் பணம் ஒரு காரணமாக இருக்கிறது. இவை எல்லாம் டி செல்களையும் ஆன்டிபாடியையும் எப்படி மாற்றுகின்றன என்று வேறு ஊர்க்காரர்கள் வந்து நமக்காகப் பார்த்துத் தரப்போவதில்லை.

மூன்று நான்கு மாதம் இப்படிக் குறித்தபின் நோட்டைப் புரட்டுங்கள். எந்தக் கேள்வி திரும்பத்திரும்ப வந்திருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றே போதும்.

இடைவெளிகளை நிரப்புங்கள்

லேப் வேலை கையைப் பழக்கும், கருத்தைப் பழக்காது. ஒரு சின்னப் பரீட்சை: சாதாரணக் கிருமி ஒன்றை அடையாளம் காணும் டி செல்கள் மிகச் சொற்பம், அந்நிய எச்எல்ஏவுக்கு எதிராக எழும் டி செல்களோ நூற்றில் ஒன்று முதல் பத்து வரை. இந்த வித்தியாசம் ஏன் என்று புத்தகம் பார்க்காமல் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். நேரடி, மறைமுக, பாதி-நேரடி அடையாளம் காணல் மூன்றையும் படம் வரைந்து விளக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியவில்லை என்றால் அடிப்படைப் பாடநூலுக்குத் திரும்புங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நேர்முகத் தேர்வில் கேட்பதும் இதைத்தான்.

அடுத்தது புள்ளியியல். கை-ஸ்கொயர் சோதனையும் டி டெஸ்ட்டும் இந்தத் துறையில் பாதி தூரம்கூடக் கொண்டுபோகாது. உறுப்பு எத்தனை காலம் உழைத்தது என்பதுதான் இங்கே எப்போதும் கேள்வி. அதனால் கப்லான்-மையர் வரைபடமும் காக்ஸ் மாதிரியும் தெரிய வேண்டும். சிறுநீரகம் நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்தவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய சர்ச்சை. ஆர் மென்பொருள் இலவசம். வீட்டுக் கணினியில் பழகலாம்.

மூன்றாவது, செல்களை உயிரோடு சேமிப்பது. சீரத்தை மைனஸ் எண்பதில் போட்டுவைக்க எல்லா லேபுக்கும் தெரியும். ரத்தம் எடுத்த அன்றே வெள்ளையணுக்களைப் பிரித்து, செல்களைக் காக்கும் டிஎம்எஸ்ஓ கரைசலில் மெதுவாக உறையவைத்து, திரவ நைட்ரஜனில் சேமித்து, ஆறு மாதம் கழித்து எடுக்கும்போது தொண்ணூறு சதவீதம் உயிரோடு இருக்கும்படி செய்யத் தெரிந்தவர்கள் குறைவு. எந்த ஆய்வுக்குழுவிலும் இந்தக் கைத்திறனுக்கு உடனே மரியாதை கிடைக்கும். எலிஸ்பாட், எம்எல்ஆர் போன்ற டி செல் சோதனைகளை அங்கே போய்க் கற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், உங்கள் மருத்துவமனையின் நோய்க்கூறியல் துறையில் பயாப்ஸி பார்ப்பவரிடம் நட்பு வைத்துக்கொள்ளுங்கள். 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடி உருவாக்கிய வகைப்பாட்டின்படிதான் உலகம் முழுவதும் நிராகரிப்பைத் தரம் பிரிக்கிறார்கள். அவ்வப்போது கூடித் திருத்துகிறார்கள். நீங்கள் எண்ணாகப் பார்த்த ஆன்டிபாடி, நுண்ணோக்கியின் கீழ் சின்ன ரத்த நாளங்களில் என்ன செய்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் ரிப்போர்ட் படிக்கும் விதமே மாறிவிடும்.

படிக்க வேண்டிய இதழ்கள்: எச்எல்ஏ (முன்பு டிஷ்யூ ஆன்டிஜென்ஸ்), ஹியூமன் இம்யூனாலஜி, அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் டிரான்ஸ்பிளான்டேஷன், டிரான்ஸ்பிளான்டேஷன். இந்தியச் சூழலுக்கு இந்தியன் ஜர்னல் ஆஃப் டிரான்ஸ்பிளான்டேஷன். வாரம் ஒரு கட்டுரையை ஒழுங்காகப் படியுங்கள், முதலில் படங்களையும் அட்டவணைகளையும். முடிவுரையைக் கடைசியாகப் பாருங்கள்.

வேலையில் இருக்கும்போதே ஒரு சிறு ஆய்வு

பிஎச்டிக்கு முன்பே ஒரு சிறு ஆய்வை முடித்துக்காட்டினால், பாதிக் கதவுகள் தாமாகத் திறக்கும். பழைய பதிவுகளை வைத்துச் செய்யும் ஆய்வே போதும். உதாரணமாக, கணவர் கொடையாளியாக வந்த பெண் நோயாளிகளின் ஆன்டிபாடி முடிவுகளும் அவர்களுடைய முதல் வருட நிலையும்.

லேப் தலைவரிடமும் சிறுநீரகவியல் மருத்துவர் ஒருவரிடமும் முதலிலேயே பேசுங்கள். மருத்துவத் தகவல் அவர்களிடம்தான் இருக்கிறது. கட்டுரையில் யார் பெயர் எந்த இடத்தில் வரும் என்பதையும் அப்போதே பேசி, மின்னஞ்சலில் ஒரு வரியாவது எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் மனஸ்தாபங்களில் முக்கால்வாசி இங்கேதான் ஆரம்பிக்கும். நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நன்றாக முடிந்த ஆய்வு ஒன்று, பெயர் வரிசை தீராமல் கடைசிவரை வெளிவரவே இல்லை.

அடுத்து நெறிமுறைக் குழுவின் அனுமதி. பழைய ரிப்போர்ட்டுகள்தானே என்று அனுமதி வாங்காமல் தரவைத் தொடாதீர்கள். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்கெல்லாம் வரையறை தருகின்றன; நோயாளியிடம் புதிதாக ஒப்புதல் வாங்காமலே ஆய்வு செய்ய எப்போது விலக்கு கேட்கலாம் என்பதும் அதில் உண்டு. மீந்த சீரத்தை ஆய்வுக்குப் பயன்படுத்துவது தனி விஷயம், அதைத் தனியாகக் கேளுங்கள். அனுமதி வர மாதங்கள் ஆகலாம்.

முடிவு வந்ததும் இந்திய உறுப்பு மாற்றுச் சங்கத்தின் ஆண்டு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்புங்கள். போஸ்டர் கிடைத்தாலே போதும். போஸ்டர் முன் நின்று கேள்வி கேட்கிறவர்களில் ஒருவர் நாளை உங்கள் கைடாக வரக்கூடும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்குப் பதில்கூட எழுதாதீர்கள்.

பட்டமும் தேர்வும்

டிஎம்எல்டி (லேப் டெக்னீஷியன் பட்டயம்) மட்டும் முடித்தவர்களுக்கு முதலில் இளநிலை, பிறகு பொதுவாக முதுநிலை வேண்டும். பிஎஸ்சி எம்எல்டி முடித்தவர்கள் எம்எஸ்சியில் நோயெதிர்ப்பியல், உயிர்வேதியியல், மூலக்கூறு உயிரியல் பக்கம் போவது நல்லது. எம்எஸ்சி இருப்பவர்களுக்கு, யுஜிசியின் 2022 விதிகளின்படி பிஎச்டி சேர 55 சதவீதம் தேவை. இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 5 சதவீதச் சலுகை உண்டு. குறைந்தபட்சம் மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. பெண்களுக்கு மேலும் இரண்டு வருடம் வரை தளர்வு கேட்கலாம்.

சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023இலிருந்து முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி. ஐசிஎம்ஆரும் டிபிடியும் (மத்திய உயிர்த்தொழில்நுட்பத் துறை) தனியாகத் தேர்வு நடத்திவந்திருக்கின்றன; இப்போதைய நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். லேபில் வேலை பார்த்தவர்களுக்கு ஐசிஎம்ஆர் பாணிக் கேள்விகள் கொஞ்சம் பழக்கமாக இருக்கும். வயது வரம்பை இப்போதே பார்த்துவிடுங்கள். வேலையில் இருந்துகொண்டு "அடுத்த வருடம் எழுதலாம்" என்று தள்ளிப்போட்டே அதைத் தாண்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

தேர்வு சரிவரவில்லை என்றால் திட்டப் பணியிடங்கள் இருக்கின்றன. ஒரு ஆய்வுத் திட்டத்தில் ஓராண்டு வேலை பார்த்தால் அந்தக் குழு எப்படி நடக்கிறது, கைடு எப்படிப்பட்டவர் என்று உள்ளிருந்து தெரியும். ஜேஆர்எஃப் கிடைத்தவர்களுக்குமே இதை ஒரு வழியாகச் சொல்வேன்.

பகுதிநேர பிஎச்டிக்கும் விதிகளில் இடம் உண்டு, வேலை தரும் நிறுவனத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். ஆய்வுக்கான மாதிரிகள் உங்கள் லேபிலேயே வருகின்றன என்றால் மட்டும் இதில் இறங்குங்கள். பகலில் ஓரிடத்தில் ரிப்போர்ட், மாலையில் இன்னோர் இடத்தில் செல் வளர்ப்பு என்றால் செல்கள் உங்களுக்காகக் காத்திருக்காது.

எங்கே போவது

இந்தியாவில் எய்ம்ஸ் டெல்லியில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, என்.கே. மெஹ்ரா கட்டியெழுப்பியது. சண்டிகர் பிஜிஐயின் நோயெதிர்ப்பு நோய்க்கூறியல் துறை, லக்னோ எஸ்ஜிபிஜிஐ, மும்பையில் ஐசிஎம்ஆரின் நோயெதிர்ப்புக் குருதியியல் நிறுவனம் ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. மருந்தில்லாமல் உறுப்பை ஏற்கவைக்கும் முயற்சியில் அகமதாபாத் சிறுநீரக நிறுவனத்தில் எச்.எல். திரிவேதியின் குழு நீண்ட காலம் வேலை செய்தது. தெற்கே வேலூர் சிஎம்சிக்கு 1971இலிருந்து சிறுநீரக மாற்று அனுபவமும் வலுவான எலும்பு மஜ்ஜை மாற்றுத் துறையும் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆர்.எம். பிச்சப்பன் தென்னிந்திய மக்களின் எச்எல்ஏவைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். நம் அல்லீல்களைப் பற்றி எழுதப்போகிறவர்கள் அந்தக் கட்டுரைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். சென்னையில் 2009இல் தொடங்கிய தாத்ரி ஸ்டெம்செல் கொடையாளர் பதிவகம் போன்ற அமைப்புகளும் எச்எல்ஏ தெரிந்தவர்களுக்கு வேலை தருகின்றன.

வெளிநாட்டில் லெய்டன், ஆக்ஸ்ஃபோர்டு, நாந்து, பெர்லினின் ஷாரிட்டே, பாஸ்டன், பிட்ஸ்பர்க், அட்லாண்டாவின் எமரி என்று பெயர்பெற்ற இடங்கள் உண்டு. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிஎச்டி என்பது பெரும்பாலும் சம்பளம் வரும் வேலை. எம்எஸ்சியுடன் விளம்பரத்தைப் பார்த்து விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் இளநிலையிலிருந்தே சேரலாம், ஆனால் ஐந்தாறு வருடம் ஆகும். பிரிட்டனில் வெளிநாட்டவருக்கு நிதி கிடைப்பதுதான் கஷ்டம். ஐரோப்பாவின் மரி கியூரி முனைவர் திட்டங்களில் ஒரு விதி: முந்தைய 36 மாதங்களில் அந்த நாட்டில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேராக விண்ணப்பிக்கிறவருக்கு அது சாதகம்தான். அங்கே ஏற்கெனவே எம்எஸ்சி படித்துவிட்டவருக்குத்தான் இடிக்கும்.

கைடுக்கு எழுதும் மின்னஞ்சல் ஒரு திரைக்குள் முடிய வேண்டும். "உங்கள் மதிப்புமிக்க ஆய்வகத்தில் சேர ஆவலாக உள்ளேன்" என்ற தொடக்கத்தை அவர்கள் தினமும் பார்க்கிறார்கள். நீங்கள் எந்த லேபில், என்ன சோதனைகளைத் தனியாகச் செய்கிறீர்கள் என்று ஒரு வரி. அங்கே கவனித்த முரண்பாடு ஒன்று, அது ஏன் முக்கியம் என்று மூன்று வரி. அவர்களுடைய சமீபத்திய கட்டுரை ஒன்று அந்தக் கேள்வியை எங்கே தொடுகிறது, எங்கே விட்டுவிடுகிறது என்று இரண்டு வரி. எப்போது, எந்த நிதியில் வர முடியும் என்று ஒரு வரி. உங்கள் நோட்டு இங்கேதான் பயன்படுகிறது. இப்படி எழுதப்பட்ட கடிதத்தை ஒரே நாளில் ஐம்பது பேருக்கு அனுப்பவும் முடியாது, அதுவும் நல்லதுதான்.

பேச அழைத்தால் நீங்களும் கேளுங்கள். மாதிரிகள் எங்கிருந்து வருகின்றன? மாற்றுக்குப்பின் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பது யார்? கடைசி மூன்று மாணவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள்? மருத்துவமனையோடு தொடர்பில்லாத அருமையான ஆய்வகத்தைவிட, சுமாரான கருவிகளோடு மருத்துவர்களின் ஒத்துழைப்பு இருக்கும் இடமே இந்தத் துறையில் மேல் என்று நினைக்கிறேன். மாணவர்களிடம் தனியாகப் பேசாமல் எந்த இடத்துக்கும் சரி சொல்லாதீர்கள்.

முதல் வருடம் எப்படி இருக்கும்

லேபில் இரவு இரண்டு மணிக்கு க்ராஸ்மேட்ச் முடிவு கேட்டு ஃபோன் வரும். நாலு மணிக்குள் பாசிட்டிவா நெகட்டிவா என்று சொல்லியாக வேண்டும். ஆராய்ச்சியில் அந்த வேகம் ஆபத்து. கண்ட்ரோல் தவறினால் மறுபடி ஓட்டித் தேறியதை எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஏன் தவறியது என்று தோண்ட வேண்டும். எந்த மாதிரி யாருடையது என்று தெரியாமலே அளக்கப் பழக வேண்டும். ஆறு மாதம் ஒரு முடிவும் வராமல் போகலாம். தினமும் ரிப்போர்ட் முடித்துக் கொடுத்துப் பழகியவர்களுக்கு அதுதான் அதிகம் வலிக்கும்.

கூடவே எடுத்துப்போக வேண்டியவையும் உண்டு. கிட்டின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும்போது பழையதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, எல்லாவற்றிலும் தேதியும் கையெழுத்தும், வெளித் தர மதிப்பீட்டு மாதிரிகளை ஒழுங்காகச் செய்வது. எம்எஃப்ஐ லேபுக்கு லேப், லாட்டுக்கு லாட் மாறும் எண் என்பதை நீங்கள் கையால் அறிந்தவர். நேராக எம்எஸ்சியிலிருந்து வரும் சக மாணவர் அந்த எண்ணை நம்பி வரைபடம் போட்டுவிடுவார்.

பிறகு

பிஎச்டி முடித்தால் ஆராய்ச்சி ஒன்றுதான் வழி என்றில்லை. எச்எல்ஏ லேப் இயக்குநராக, அமெரிக்காவின் ஆஷி, ஐரோப்பாவின் எஃபி போன்ற அமைப்புகளின் அங்கீகாரம் பெற்ற இடங்களில் முனைவர் அல்லது மருத்துவப் பட்டமும் பயிற்சியும் கேட்பார்கள். அதனால் பிஎச்டி காலத்திலும் வழக்கச் சோதனைகளிலிருந்து முழுவதும் விலகிவிடாதீர்கள். மணிகளும் சீக்வென்சிங் கிட்டுகளும் விற்கும் நிறுவனங்களில் தொழில்நுட்ப வேலை, ஸ்டெம்செல் பதிவகங்கள், செல் சிகிச்சை நிறுவனங்கள் எல்லாம் உண்டு. நிறுவன வேலையை ஏதோ தோல்வி மாதிரிப் பேசும் பழக்கம் நம் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

இப்போதைய வேலையை விடும்போது ஒரு காரியம் மட்டும் மறக்காதீர்கள். "திறமையாகப் பணியாற்றினார்" என்ற வழக்கமான அனுபவச் சான்றிதழ் எங்கும் உதவாது. எந்தெந்தச் சோதனை, எந்தக் கருவியில், தோராயமாக எத்தனை மாதிரிகள், அவற்றில் எதைத் தனியாகச் செய்தீர்கள், எதை மேற்பார்வையில் செய்தீர்கள் என்று லெட்டர்ஹெட்டில் எழுதி, லேப் தலைவரின் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கிக்கொள்ளுங்கள். பயிற்சிப் பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். அவர் ஓய்வு பெற்றோ இடம் மாறியோ போய்விட்டால் அதை வாங்குவது பெரும்பாடு.